சத்தம் நிறுத்தும் பட்டன்

பயந்தாங்கொள்ளின்னா அது கேஸ் அக்காதான். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்குக்கூட ஒரு தரம் தூக்கிவாரிப் போடும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் பஸ் டிப்போவுல ஹைட்ரஜன் நிரப்புற இடத்துல உக்கார வச்சாங்க பாருங்க, அந்தப் புத்திசாலி யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. டிக்கெட் கவுன்ட்டர்ல சிவனேன்னு இருந்தவ. கவுன்ட்டரை மூடிட்டோம், கேஸ் பக்கம் போறியா வீட்டுக்குப் போறியான்னு கேட்டாங்க. கேஸ் பக்கம் போனா. அன்னிலேருந்து டிப்போ முழுக்க அவளுக்கு கேஸ் அக்கான்னு பேரு.

பயிற்சி கொடுத்த ஆளு வேற சும்மா இருந்தானா? முதல் நாளே சொன்னான்: "இதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தண்ணி போகாத இடுக்குலயும் இது போயிடும். பத்திக்கிச்சுன்னா பகல் வெளிச்சத்துல நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துல போனாலும் பெருசா சூடு அடிக்காது. உள்ள கால் வச்சப்புறம்தான் தெரியும்." கூட இருந்தவங்க எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. இவளுக்குப் பேனா பிடிக்கவே கை வரல.

அதே ஆளுதான் இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்தான். ஒரு நீளக் கம்புல புல் விளக்குமாத்தைக் கட்டி, அதை முன்னால நீட்டிக்கிட்டே நடக்கணும். எங்கயாவது நெருப்பு இருந்தா முதல்ல விளக்குமாறு பத்திக்கும், நீ தப்பிச்சுக்கலாம். இத்தனை கோடி மெஷினுக்கு நடுவுல கடைசியில விளக்குமாறுதான் கதின்னு மத்தவங்க சிரிச்சாங்க. கேஸ் அக்கா சிரிக்கல. தினமும் காலையில வேலைக்கு வந்ததும், பம்பைச் சுத்தி, மேடையைச் சுத்தி, விளக்குமாத்தை நீட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு நடந்துட்டுத்தான் கேபினுக்குள்ள உக்காருவா.

டிப்போவை ரெண்டாப் பிரிச்சிருந்தாங்க. ஒரு பக்கம் பேட்டரி பஸ் ஆறு, இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் இன்ஜின் பஸ் ஆறு. ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எது நல்லா ஓடுதோ அதையே ஊர் முழுக்க வாங்கறதா ஏற்பாடு. இதே சோதனை இன்னும் நாலு டிப்போவுலயும் நடந்துச்சு. இதுல கூத்து என்னன்னா, பேட்டரிப் பக்கம் தலைமை எலெக்ட்ரீஷியன் யாருன்னு நினைக்கறீங்க? கேஸ் அக்காவோட வீட்டுக்காரர். அவருக்கு டிப்போவுல பேரு சார்ஜர். ஹைட்ரஜன் பஸ்ஸை ஓட்டுற டிரைவர் ஒருத்தன் அவளோட கூடப்பிறந்த தம்பி. அவனுக்குப் பேரு பைலட்டு. ஏன்னு கேக்காதீங்க, அவன் வண்டியில ஒரு தரம் ஏறிப் பாருங்க தெரியும்.

அப்புறம் வீட்டுல சோறு எப்படி இறங்கும்? சார்ஜர் ஆரம்பிப்பாரு. "கரன்ட்டை எடுத்து, தண்ணியைப் பிரிச்சு, கேஸ் ஆக்கி, அதை அமுக்கி, லாரியில கொண்டுவந்து, மறுபடி இன்ஜின்ல போட்டு எரிக்கறீங்க. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலைடா இது. அதே கரன்ட்டை நேரா வண்டியில ஏத்தினா ஆகாதா?"

"ஏத்துங்க மாமா, நல்லா ஏத்துங்க," ம்பான் பைலட்டு. "நீங்க நாலு மணி நேரம் ஏத்தி முடிக்கறதுக்குள்ள என் வண்டி பத்து நிமிஷத்துல வயித்தை ரொப்பிக்கிட்டு மலை ஏறி இறங்கி டீயும் குடிச்சிருக்கும்."

"குடிக்கும், குடிக்கும். தலை மேல குண்டை வச்சுக்கிட்டு டீ குடிக்கும்."

சொல்லிட்டு சார்ஜர் ஒரு சிரிப்பு சிரிப்பாரு. எழுநூறு வோல்ட்டுல கை வைக்கிற மனுஷன், எதுக்கும் அசர மாட்டாரு. நிஜத்தைச் சொன்னா அந்தச் சிரிப்பைக் கேட்டாத்தான் மறுநாள் வேலைக்குப் போக கேஸ் அக்காவுக்குக் கால் நகரும். அதே சமயம் அவளோட பெரிய பயமும் அந்த மனுஷன்தான். கண்ணுக்குத் தெரியாததை அவரு நம்ப மாட்டாரு. சாப்பாட்டு நேரத்துல விசில் அடிச்சுக்கிட்டே நேரா பம்பு பக்கம் நடந்து வருவாரு. கேஸ் பக்கம் வராதீங்க, வந்தாலும் நான் கூப்பிட்டப்புறம் வாங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்குவா. யாரு கேட்டா? ஒரு நாள் இந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே நெருப்புக்குள்ள நடந்துடுவாருன்னு நினைச்சு நினைச்சு அவளுக்கு ராத்திரி தூக்கம் வராது.

இங்க அலாரத்தைப் பத்திச் சொல்லியாகணும். கேஸ் கசிஞ்சா கேபின் சுவத்துல இருக்கிற பெட்டி 'பீப், பீப்'னு கத்தும். முதல் தடவை கத்தினப்போ கேஸ் அக்கா செருப்பைக்கூட விட்டுட்டு கேட்டு வரைக்கும் ஓடினா. எல்லாரையும் வெளிய அனுப்பி, கருவி வச்சு ஒவ்வொரு இணைப்பாப் பாத்தாங்க. ஒரு கசிவும் இல்ல. மறுநாளும் அதே கூத்து. நாலாவது நாள்தான் விஷயம் வெளிய வந்துச்சு. பக்கத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கம் சார்ஜரோட பேட்டரி ரூம். அங்க சாமான் தூக்குற வண்டியோட பழைய ஆசிட் பேட்டரிகளை சார்ஜ் போடுவாங்க. அந்தப் பழைய பேட்டரி சார்ஜ் ஏறும்போது அதுவும் கொஞ்சம் ஹைட்ரஜனைத்தான் விடுமாம். காத்து இந்தப் பக்கம் அடிச்சா அது நேரா இவ அலாரத்துக்கு வந்துடும்.

"அப்போ உங்க வீட்டுக்காரர் மூச்சு விட்டாலே உங்க அலாரம் கத்துது," ன்னு டிப்போவே சிரிச்சுச்சு. ரூமை மாத்தச் சொல்லி எழுதிப் போட்டாங்க. எழுதினது எழுதினபடி கிடந்துச்சு. அதுக்கப்புறம் அலாரம் கத்தினா கேஸ் அக்கா செய்யறது இதுதான்: 'சத்தம் நிறுத்து'ன்னு எழுதின மஞ்சப் பட்டனை அமுக்குவா, கேபின் போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவா. "உங்க பேட்டரிக்கு வயிறு உப்பிப் போச்சு, ஜன்னலைத் திறந்து விடுங்க." அவரு, "உத்தரவு தாயே," ம்பாரு. ஜன்னலைத் திறப்பாரு. பெட்டி அடங்கிடும். எதுக்கெடுத்தாலும் நடுங்குறவளுக்கு அந்த ஒரு விஷயத்துல மட்டும் பயம் விட்டுப் போச்சு. மனசுக்குள்ள கொஞ்சம் பெருமைகூட. பரவாயில்லையே, நானும் தேறிட்டேனேன்னு.

ஆறு மாசம் முடிஞ்சுச்சு. போக்குவரத்துக் கழகத்துப் பெரிய மேடமும் கூட ரெண்டு அதிகாரிகளும் முடிவு பண்ண வர்ற நாள் வந்துச்சு.

காலையிலேருந்தே டிப்போவுல தலைகால் புரியல. ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு 'அவசரம்'னு பட்டப்பேரு. சும்மா இருக்கிற நாள்லயே ரெண்டு ரெண்டு படியாத் தாவுற ஆளு. அன்னிக்கு கேக்கணுமா? பைலட்டோட பஸ்ஸைக் கழுவித் துடைச்சு, மேல் விளிம்பு முழுக்க கலர்க் காகிதத் தோரணம் கட்டி, பம்பு பக்கத்துல நிறுத்தினாங்க. மேடையில சாத்தி வச்சிருந்த விளக்குமாத்தைப் பாத்ததும் அவசரத்துக்கு உச்சி மண்டையில ஏறிடுச்சு.

"அதிகாரிங்க வர்ற நேரத்துல விளக்குமாறா? மானம் போகும்மா. எடுத்துத் தூரப் போடு."

அவ தூரப் போடல. கேபின் கதவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சா.

அவளுக்குத் தெரியாம இன்னொரு விஷயம் நடந்துச்சு. ஹைட்ரஜன் பஸ்ஸுக்கு டேங்க் எல்லாம் கூரை மேல. சுத்தி இடுப்பளவு தகடு அடிச்சு மறைச்சிருக்கும். கேஸ் தேங்காம வெளிய தள்ள அங்க ஒரு ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கணும். அன்னிக்குக் காலையில அந்த ஃபேன் நின்னு போச்சு. பைலட்டுக்குக் கைகால் ஓடல. கேஸ் பக்கம் எலெக்ட்ரீஷியன் லீவு. நேரா பேட்டரிப் பக்கம் ஓடினான். "மாமா, என் மானத்தைக் காப்பாத்துங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கத்தித் தீத்துடுவா."

சார்ஜருக்கு வாயெல்லாம் பல்லு. எதிர்க் கட்சிக்காரன் வந்து காலைப் பிடிக்கிறானே! "ஏண்டா, கடைசியில உங்க குண்டுக்கு ஒரு பேட்டரிக்காரன்தான் வரணுமா?"ன்னு நல்லா ஓட்டிட்டு, காதுக்கு இரைச்சல் தடுப்பானை மாட்டிக்கிட்டு, கேஸ் அக்கா கேபின்ல ரிஜிஸ்டர் எழுதிக்கிட்டிருந்த நேரம் பாத்து பஸ் கூரைக்கு ஏறப் போட்டிருந்த முன் பக்க இரும்பு மேடை வழியா மேல ஏறிட்டாரு. கூரையோட பின் கோடியில குனிஞ்சு உக்காந்து வேலை பாத்தா கீழேருந்து ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கேஸ் நிரப்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள முடிச்சுடலாம்னு ரெண்டு பேரும் கணக்குப் போட்டாங்க. பைலட்டு கேட்டுப் பக்கம் காவலுக்கு நிக்கப் போயிட்டான்.

அதிகாரிங்க பின் வாசல் வழியா முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்து ஆபீஸ்ல உக்காந்துட்டாங்க. அவசரம் ஓடி வந்தாரு. "நிரப்பு, நிரப்பு, இப்பவே நிரப்பு. அவங்க வெளிய வரும்போது வண்டி ரெடியா இருக்கணும்." கேஸ் அக்கா பஸ்ஸை ஒரு சுத்து சுத்திப் பாத்தா. குழாயை மாட்டினா. கேபினுக்குப் போய் பட்டனைத் தட்டினா. அழுத்தம் காட்டுற முள்ளு மெல்ல ஏற ஆரம்பிச்சுச்சு.

மூணு நிமிஷம் ஆகியிருக்கும். 'பீப், பீப்.'

"வந்துட்டாரு மகராசன்," ன்னு முணுமுணுத்துக்கிட்டே மஞ்சப் பட்டனை அமுக்கினா. சத்தம் நின்னுச்சு. இன்னிக்குப் போயா இந்த மனுஷன் ஆசிட் பேட்டரிக்கு சார்ஜ் போடணும்னு எரிச்சலா போனை எடுத்து அவரு நம்பரைப் போட்டா.

சார்ஜருக்குக் குசும்பு ஜாஸ்தி. இவ நம்பருக்கு மட்டும் தீயணைப்பு வண்டி சைரனை வச்சிருந்தாரு. அந்த சைரன் அடிச்சுச்சு. பேட்டரி ரூம் பக்கத்துலேருந்து வரல. திறந்திருந்த கேபின் கதவு வழியா, எதிர்ல, பஸ்ஸோட கூரை மேலேருந்து வந்துச்சு.

முதல்ல அவளுக்குப் புரியவே இல்ல. ரெண்டு அடி அடிச்சப்புறம் புரிஞ்சுச்சு. அவரு மேல இருக்காரு. பேட்டரி ரூம்ல இல்ல. அப்போ அலாரம் எதுக்குக் கத்துச்சு?

பெட்டியைப் பாத்தா. சத்தம்தான் இல்ல, விளக்கு மஞ்சள்லேருந்து சிவப்புக்கு மாறியிருந்துச்சு. அவசர நிறுத்தப் பட்டனைக் கையால ஓங்கிக் குத்தினா. பம்பு நின்னுச்சு. ஆனா முள்ளு நிக்கல. மெல்ல இறங்கிக்கிட்டே இருந்துச்சு. பஸ் டேங்க்லேருந்து கேஸ் போய்க்கிட்டிருக்கு. கூரையில எங்கயோ.

சைரன் சட்டுனு நின்னுச்சு. பாக்கெட்டுல அதிர்ந்த போனை அவரு கட் பண்ணிட்டாரு. திருடன் மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு, மாட்டிக்கக்கூடாதேன்னு கட் பண்றாரு!

கதவுக்குப் பின்னாடியிருந்து விளக்குமாத்தை உருவிக்கிட்டு ஓடினா. லிஃப்டுக்கே பயப்படுறவ அந்த இரும்பு மேடைப் படியில எப்படி ஏறினான்னு அவளுக்கே ஞாபகம் இல்ல. மேல போய் நின்னா பளிச்சுனு வெயில். வெள்ளைக் கூரை, நாலு டேங்க், நடுவுல ஒரு ஆள் நடக்கிற அளவு வழி. அந்தக் கோடியில, முதுகைக் காட்டிக்கிட்டு, ஃபேன் மூடியை மாட்டிக்கிட்டிருந்தாரு அவ வீட்டுக்காரர். பதினஞ்சு அடி கூட இருக்காது. நடுவுல ஒண்ணுமே இல்ல.

ஒண்ணுமே இல்லன்னுதான் அவளும் ஒரு வினாடி நினைச்சா. அப்போ காத்துல ஆடிக்கிட்டிருந்த காகிதத் தோரணம் கூரை நடுவுல ஒரு இடத்துல மட்டும் சுருண்டுச்சு. ஒரு முழம் காகிதம் மஞ்சளா எரிஞ்சு, கருகி, பறந்துச்சு. அதுக்குக் கீழ வெறும் வெளி. அந்தப் பக்கத்துச் சுவர் மட்டும் தண்ணிக்குள்ள தெரியற மாதிரி நெளிஞ்சுச்சு. அவருக்கும் இந்த மேடைக்கும் நட்ட நடுவுல, குறுக்கால, நெருப்பு நிக்குது.

"ஏங்க!"ன்னு கத்தினா. சத்தம் பாதிதான் வந்துச்சு. அவரு காதுல அடைப்பு. திரும்பல. "ஏங்க, ஏங்க, இங்க பாருங்க!"

கருவியைப் பையில போட எழுந்து நின்னவரு தற்செயலாத் திரும்பினாரு. இவளைப் பாத்தாரு. திருட்டு முழி முழிச்சாரு. அப்புறம் அதே சிரிப்பு. ஒரு காது அடைப்பைத் தூக்கிவிட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கி, "சரி தாயே, மாட்டிக்கிட்டேன். உன் தம்பிதான் கூப்பிட்டான். இதோ இறங்கிடறேன்," ன்னு நடக்க ஆரம்பிச்சாரு.

"வராதீங்க! நெருப்பு! நடுவுல நெருப்பு!"

"எங்க?" குனிஞ்சு பாத்தாரு. நிமிந்து பாத்தாரு. "ஒண்ணையும் காணோமே. இரு, கோவப்படாத, கீழ வந்து திட்டு." இன்னொரு அடி வச்சாரு.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். வாங்க போங்கன்னு தவிர அவ அவரை ஒரு வார்த்தை கூப்பிட்டதில்ல. "டேய்! நில்லுடா அங்கயே! ஒரு அடி வச்சே, செத்தடா!"

அவரு நின்னாரு. முகத்துல சிரிப்பு அப்படியே உறைஞ்சு போச்சு. இவ விளக்குமாத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னால நீட்டினா. நீட்டிக்கிட்டே ஒரு அடி வச்சா. ரெண்டாவது அடியும் வச்சா. மூணாவது அடியில விளக்குமாறு வெறும் காத்துல குபுக்குனு பத்திக்கிச்சு. புல்லெல்லாம் ஒரே நொடியில மஞ்சளா எரிஞ்சு உதிர்ந்துச்சு. கம்பு முனையிலேருந்து அவரு காலுக்கு நாலடி.

அதைப் பாத்ததும்தான் மனுஷனுக்கு உறைச்சுச்சு. பின்னால நகந்தாரு.

கீழ அவசரம் வந்து நின்னுட்டாரு, கையில தீயணைப்பான் சிலிண்டர். "தள்ளு, தள்ளு, நான் அணைக்கறேன்!"

"அணைக்காதீங்க!" இவ மேலேருந்து அலறினா. "அணைச்சா கேஸ் நிக்காது, கூரைக்குள்ள சேந்து மொத்தமா வெடிக்கும்! எரியட்டும் விடுங்க! எல்லாரையும் வெளிய அனுப்புங்க!"

எரியட்டும்னு சொல்லிட்டாளே தவிர, அடுத்தது என்னன்னு அவளுக்குத் தெரியும். பக்கத்து டேங்க் சூடேறினா அதோட மூடி தானாத் திறந்து உள்ள இருக்கிறதை வெளிய தள்ளும். டேங்க் வெடிக்காம இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்தத் திறப்பு பின் கோடியில, அவரு நிக்கிற இடத்துல இருக்கு. எத்தனை நிமிஷம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

"குதிங்க!" ன்னா. "பம்பு பக்கமா குதிங்க!"

அவரு எட்டிப் பாத்தாரு. பதினோரு அடி. கீழ சிமென்ட் தரை. "கால் போயிடும்டி."

"போனாப் போகுது! குதிங்க!"

அப்பதான் பைலட்டு கேட்டுலேருந்து ஓடி வந்தான். வந்தவன் என்ன பண்ணினான் தெரியுமா? நேரா கீழ போய் நின்னு, பந்து பிடிக்கிறவன் மாதிரி ரெண்டு கையையும் விரிச்சான். "மாமா, நான் பிடிக்கறேன், குதிங்க!" எண்பது கிலோ மாமாவை இவன் பிடிக்கப் போறானாம்! லூசுப் பய. ஆனா அந்த லூசைப் பாத்ததும்தான் சார்ஜருக்கு உசுரு வந்துச்சு. தகட்டைத் தாண்டினாரு, தொங்கினாரு, கையை விட்டாரு. ரெண்டு பேரும் உருண்டாங்க. 'மளுக்'னு ஒரு சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு.

கேஸ் அக்கா படியில பாதி ஓடி பாதி விழுந்து இறங்கினா. அவரை ஆளுக்கு ஒரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அக்காவும் தம்பியும் கேட்டைத் தாண்டவும் பின்னால ஊளை மாதிரி ஒரு இரைச்சல் கிளம்புச்சு. திரும்பிப் பாத்தா பஸ்ஸோட பின் கோடியிலேருந்து நெருப்பு, இப்போ பெயின்டும் சேந்து எரியறதால நல்லாவே கண்ணுக்குத் தெரிஞ்ச நெருப்பு, ரெண்டு மாடி உயரத்துக்கு நின்னுச்சு. அரை நிமிஷம் முன்னாடி அவரு நின்ன இடம். அவ அப்படியே ரோட்டுல உக்காந்துட்டா.

தீயணைப்பு வண்டி வந்து, பம்பு, கேபின் எல்லாத்தையும் தண்ணியில முக்கி அடங்க வைக்க மத்தியானம் ஆயிடுச்சு. பத்த வச்சது ஃபேன் வயரா, பாக்கெட்டுல இருந்த போனான்னு அப்பவே ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. அவ காதைப் பொத்திக்கிட்டா.

சாயந்திரம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில, வலது காலுல மாவுக்கட்டோட சார்ஜர் படுத்திருந்தாரு. தோள்பட்டை இறங்கிப் போய் அடுத்த கட்டில்ல பைலட்டு. நர்சு வந்து மாத்திரை கொடுத்துட்டுப் போனா. கேஸ் அக்கா காத்துக்கிட்டிருந்தா. இப்போ ஏதாவது சொல்லுவாரு, கேலி பண்ணுவாரு, சிரிப்பாருன்னு. அவரு வெறுமனே அவ மணிக்கட்டைப் பிடிச்சிருந்தாரு. அந்தக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. எழுநூறு வோல்ட்டுல ஆடாத கை. அதைப் பாக்க அவளுக்குக் காலையில இருந்ததைவிட அதிகமா பயமா இருந்துச்சு.

பெரிய மேடம் உள்ள வந்தாங்க. கையில ஒரு ஃபைல். நலம் விசாரிச்சாங்க, நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. அப்புறம் கேட்டாங்க: "பெட்டி தண்ணியில ஊறிப் போச்சு, அதுலேருந்து எதுவும் எடுக்க முடியல. அலாரம் அடிச்சுதா?"

இவ வாயைத் திறக்கறதுக்குள்ள சார்ஜர் முந்திக்கிட்டாரு. "அடிக்கல மேடம். நான் மேலதானே இருந்தேன், சத்தமே கேக்கல."

காதுல அடைப்பை மாட்டிக்கிட்டிருந்த மனுஷனுக்கு என்ன கேக்கும்? பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல. அவ மணிக்கட்டை அவரு ஒரு அழுத்து அழுத்தினாரு. பேசாம இருன்னு அர்த்தம். டிப்போவுக்கு வந்த முதல் நாளே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருந்தாங்க, அலாரத்தை அலட்சியம் பண்ணினா அன்னியோட வேலை போச்சுன்னு.

"அப்போ அலாரம்தான் கோளாறு," ன்னாங்க மேடம். "உங்க மேல தப்பில்லம்மா. மத்த நாலு டிப்போவுலயும் பெட்டியை மாத்தச் சொல்லிடறேன். ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் அவங்க கவனமா பாத்துக்கட்டும்." பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க.

மத்த நாலு டிப்போ. கேஸ் அக்கா அந்த ஃபைலைப் பாத்தா. போன மாசம்தான் அந்த நாலு டிப்போவுலேருந்தும் அவளுக்குப் போன் வந்துச்சு. எல்லாம் அவளை மாதிரியே புதுசா வந்த பொண்ணுங்க. அங்கயும் பக்கத்துலயே பேட்டரி ரூம், அங்கயும் சும்மா சும்மா கத்துதாம். அக்கா, பயமா இருக்கு, என்ன பண்றதுன்னு கேட்டாங்க. ஆயுசுல முதல் தடவையா இவ இன்னொருத்தருக்குத் தைரியம் சொன்னா. "அது ஒண்ணுமில்லம்மா, பேட்டரி ரூம்தான். மஞ்சப் பட்டனை அமுக்கிட்டு உன் வேலையைப் பாரு."

"அடிச்சுச்சு மேடம்," ன்னா.

பேனா நின்னுச்சு. "ஏய்," ன்னாரு சார்ஜர்.

"அடிச்சுச்சு. நல்லாவே அடிச்சுச்சு. நான்தான் அமுக்கினேன். அந்தப் பெட்டியில கோளாறே இல்ல. எழுதிக்கங்க." சார்ஜர் மணிக்கட்டை மறுபடி அழுத்தினாரு. அப்படியும் அவ நிறுத்தல. "ஒரு மாசம் எல்லாம் முடியாது மேடம். இப்பவே போன் போடணும். மத்த பொண்ணுங்களும் அமுக்கறாங்க. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

மேடம் தன்னோட போனை நீட்டினாங்க. முதல் டிப்போ, எடுத்தாங்க, சொன்னா. ரெண்டாவது, எடுத்தாங்க, சொன்னா. மூணாவதும் ஆச்சு. நாலாவது டிப்போவுல மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அடிச்சு ஓயப் போற நேரத்துல அந்தப் பொண்ணு எடுத்தா. "நான் அக்கா பேசறேம்மா," ன்னா இவ.

"அக்காவா? உங்க டிப்போவுல என்னமோ ஆயிடுச்சாமே, இப்பதான் சொன்னாங்க. ஒரு நிமிஷம் இருங்கக்கா, இங்க பெட்டி கத்துது, அமுக்கிட்டு வந்துடறேன்."

"அமுக்காதே!" கேஸ் அக்கா போட்ட கூச்சல்ல வார்டே திரும்பிப் பாத்துச்சு. "அமுக்காதேம்மா! கையை எடு! பம்பை நிறுத்து, மேல யாராவது இருக்காங்களான்னு கேளு, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய ஓடு! போனை வைக்காத, அப்படியே போட்டுட்டு ஓடு!"

அந்தப் பக்கம் ரிசீவர் மேஜையில விழற சத்தம். நாற்காலி நகர்ற சத்தம். ஓடுற கால் சத்தம், அப்புறம் அதுவும் இல்ல. பெட்டி மட்டும் கத்திக்கிட்டிருந்துச்சு. பேட்டரி ரூமோ, நிஜமோ, யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரரோட கை இன்னும் அவ மணிக்கட்டுலதான் இருந்துச்சு. கேஸ் அக்கா போனைக் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, 'பீப், பீப்'னு வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா.